செங்காலி முறித்த கோரைப்பல்

அந்தக் காலத்தில் குதிரைகள் இன்னும் கனைக்கத் தொடங்கவில்லை, பேசிக்கொண்டுதான் இருந்தன. கடலுக்கும் உப்புத்தரைக்கும் நடுவே நீளமாகக் கிடந்த புல்வெளி ஒன்றில் அவை கூட்டமாக வாழ்ந்தன. அன்றைக்கு ஆண் குதிரைக்கும் பெண் குதிரைக்கும் வாய் ஒன்றுபோலவே இருந்தது. புல்லைக் கத்தரிக்க முன்பற்கள், அரைக்கக் கடைவாய்ப் பற்கள், இரண்டுக்கும் நடுவில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் கோரைப்பற்கள். வளைந்து, கூராக, பார்க்கவே பயமாக இருக்கும். குட்டியை மோப்பம் பிடித்துக்கொண்டு நரி வந்தால், தாய்க்குதிரை உதட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாலே போதும். நரிக்கு வேறெங்கோ அவசர வேலை இருப்பது நினைவுக்கு வந்துவிடும்.

புல்லுக்குக் குறைவில்லை. தண்ணீருக்குத்தான் தவிப்பு. கோடை வந்தால் குளங்கள் எல்லாம் கரித்துப்போகும். மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் ஊற்றில் மட்டும் நல்ல தண்ணீர் கிடைத்தது. அதுவும் மெதுவாகத்தான் சுரக்கும். முதலில் குடிப்பவருக்குத் தண்ணீர், கடைசியில் குடிப்பவருக்குச் சேறு. ஆகவே குதிரைகள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. ஊற்றைக் கண்டவர் யாரோ, அவர் வைத்ததே முறை. அவர் இறந்துபோனால் எலும்பு ஊற்றங்கரையிலேயே கிடக்கும். யாரும் அதை நகர்த்தக் கூடாது. முறையில் சண்டை வந்தால் அந்த எலும்புதான் சாட்சி. குதிரைகளுக்கு எழுத்தும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. வேறு எதை வைத்துச் சாட்சி சொல்வது?

அந்த ஊற்றைக் கண்டவள் வெண்சுழி என்ற பெண் குதிரை. பால் கொடுப்பவள் முதலில், பிறகு மற்றப் பெண்கள், பிறகு வயதானவர்கள், கடைசியில் கொழுத்துத் திரியும் ஆண்கள். இது அவள் வைத்த முறை. அவளைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். முறை மட்டும் நின்றது. கரையில் அவளுடைய மண்டையோடு, நான்கு பெரிய கோரைப்பற்களோடு, வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

செங்காலிக்கு முழங்காலுக்குக் கீழே செம்மண்ணில் தோய்த்தெடுத்தது போன்ற நிறம். கூட்டத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. யாராவது நேராக முகத்தைப் பார்த்துப் பேசினால் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு புல்லைப் பார்ப்பாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எந்தப் பக்கத்துப் புல் முதலில் காய்கிறது, வெளிமான்கள் எந்த வழியாக வருகின்றன, காற்று திரும்பினால் நண்டு எங்கே வளை மாற்றுகிறது, எல்லாம் பார்த்து வைத்திருப்பாள். பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. செங்காலி அப்போதுதான் ஒரு பெண் குட்டி போட்டிருந்தாள். கால்கள் இன்னும் சொன்னபடி கேட்காத குட்டி. அதை ஒட்டி நடத்திக்கொண்டு அவள் ஊற்றுக்கு வந்தபோது, கருமுகன் குறுக்கே நின்றான். ஆண் குதிரைகளுக்கெல்லாம் தலைவன் அவன். முகம் மட்டும் கரியாய்க் கறுத்திருக்கும்.

"நில்லுடி. எங்க போற?"

"தண்ணி குடிக்க."

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"முறைப்படிதான் வர்றேன். பால் குடுக்கறவ மொதல்ல."

"அது யாரு வச்ச முறை?"

"வெண்சுழி வச்சது. ஊத்தைக் கண்டவ."

கருமுகன் பின்னால் நின்ற இளவட்டங்களைத் திரும்பிப் பார்த்தான். "வெண்சுழியாம்! எவனாவது பாத்திருக்கியாடா அவளை?" பிறகு குளம்பால் மண்டையோட்டைத் தொட்டுக் காட்டினான். "இது எங்க பாட்டன். இந்தப் பல்லப் பாரு. எம்மாம் நீளம்! இது பொம்பளப் பல்லா? ஊத்தைக் கண்டது அவரு. ஆம்பளைங்க மொதல்லன்னு முறை வச்சதும் அவருதான். நடுவுல நீங்க மாத்திட்டீங்க. நாங்களும் போனாப் போவுதுன்னு விட்டுட்டோம்."

செங்காலி உதட்டைத் தூக்கினாள். "எனக்கும்தான் பல்லு இருக்கு."

"இருக்கு, இருக்கு. மல்லிகை மொட்டு கணக்கா இருக்கு."

இளவட்டங்கள் தரையை உதைத்து உதைத்துச் சிரித்தன. செங்காலிக்குக் காது வரைக்கும் சுட்டது. அவள் பின்வாங்கியிருப்பாள். ஆனால் குட்டி அவள் வயிற்றுக்குக் கீழே முட்டிக்கொண்டு நின்றது.

"கழுகாரைக் கேப்போம்," என்றாள்.

பனைமர உச்சியில் பிணந்தின்னிக் கழுகு ஒன்று குடியிருந்தது. செத்தவர்கள் எல்லோரையும் கடைசியாகப் பார்ப்பவர் அவர்தான் என்பதால், எலும்பு வழக்கெல்லாம் அவரிடம்தான் போகும். மொட்டைத் தலையை ஆட்டிக்கொண்டு அவர் இறங்கி வந்தார். மண்டையோட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கோரைப்பல்லை அலகால் தட்டிப் பார்த்தார்.

"ஆம்பள."

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் செங்காலி.

"பல்லு இருக்கேம்மா."

"எனக்கும் இருக்கே. நான் ஆம்பளையா?"

"நீ உசிரோட இருக்க. உசிரோட இருக்கறவங்க வழக்கு எங்கிட்ட வராது."

"சரி, அதோ அந்த மேட்டுல கெடக்கற எலும்பு?"

"ஆம்பள. பல்லு இருக்கு."

"அந்தப் பனையடியில கெடக்கறது?"

"அதுவும் ஆம்பளதான்."

"அப்ப இந்த வெளியில பொம்பளைங்க ஒருத்திகூடச் சாகவே இல்லையா கழுகாரே? நாங்கள்லாம் எங்கதான் போனோம்?"

பின்னால் நின்ற பெண் குதிரைகளிடமிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு வந்தது. புள்ளி அத்தைதான். உடம்பெல்லாம் புள்ளி விழுந்த, வாய்த்துடுக்கான கிழவி. கழுகார் இறக்கையைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தக் கேள்விய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா. பெரிய பல்லுன்னா வீரம், வீரம்னா ஆம்பள. எங்கப்பா காலத்துலேர்ந்து இதான் தீர்ப்பு." சொல்லிவிட்டுப் பறந்துபோனார்.

அன்று ஆண்கள் முதலில் குடித்தார்கள். குடித்தார்கள் என்பதைவிட, யார் முதலில் குடிப்பது என்று தங்களுக்குள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டு குழியை மிதித்துக் கலக்கினார்கள் என்று சொல்லலாம். பெண்கள் குனிந்தபோது கலங்கல்தான் மிஞ்சியிருந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் செங்காலியின் மடி வற்றிவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்தது. முட்டிய வேகத்தில் தானே தடுமாறி விழுந்தது. எழுந்திருக்காமல் அப்படியே கிடந்து, ஒரு காதை மட்டும் அசைத்தது.

புள்ளி அத்தை வந்து குட்டியை மோந்து பார்த்தாள். "ஏண்டி, போயி அவன் கழுத்தைக் கவ்வ வேண்டியதுதான? எனக்கு மட்டும் வயசு இருந்தா..."

"கடிக்கலாம் அத்தை. திருப்பிக் கடிப்பாங்க. நான் செத்தா இதுக்கு யாரு இருக்கா?"

"அப்ப என்னதான் செய்யப் போற? சேத்தை நக்கிட்டுக் கெடப்பியா?"

செங்காலி குட்டியை மூக்கால் தள்ளி எழுப்பி நிறுத்தினாள். பிறகு, "உப்புத்தரைக்குப் போறேன்," என்றாள்.

"புத்தி கெட்டுப் போச்சா? அங்க ஒரு புல்லு பூண்டு உண்டா?"

"நடுவுல ஒரு எடம் இருக்கு அத்தை. சுத்திலும் வெளேர்னு உப்புப் பூத்துக் கெடக்கும். அந்த எடத்துல மட்டும் பூக்காது. வெயில் ஏறினப்பறமும் மண்ணு கறுப்பாவே இருக்கும். வெளிமானுங்க போற போக்குல அங்க மூக்கை வச்சுட்டுப் போவும். அடியில நல்ல தண்ணி இல்லாம அப்படி இருக்காது."

"இத எத்தனை நாளாடி பாத்து வச்சிருக்க?"

"ரெண்டு கோடையா."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

புள்ளி அத்தை அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். "ஏய், சேறு தின்னு அலுத்தவளுங்க எல்லாம் எங்க பின்னால வாங்கடி!"

பாதிப் பேர் உடனே வந்தார்கள். மீதிப் பேர் கருமுகனின் முகத்தைப் பார்த்தார்கள். அவன், "போங்க போங்க, பொழுது சாய்றதுக்குள்ள நொண்டிக்கிட்டுத் திரும்பி வருவீங்க," என்றான். அதைக் கேட்டதும் மீதிப் பேரும் கிளம்பிவிட்டார்கள்.

உப்புத்தரையில் நடப்பது லேசு அல்ல. மேலே அப்பளம் போல ஓர் ஓடு. மிதித்தால் நொறுங்கிக் கணுக்காலைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் உப்பு ஏறும். செங்காலி குட்டியை முன்னால் தள்ளித் தள்ளி நடத்தினாள். கறுப்பு மண் தெரிந்த இடத்துக்கு வந்ததும் நின்று, குளம்பால் பறிக்கத் தொடங்கினாள்.

முதலில் வந்த தண்ணீர் நாக்கில் வைக்க முடியாத கரிப்பு. ஒருத்தி துப்பிவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்த?" என்றாள். செங்காலி பறிப்பதை நிறுத்தவில்லை. புள்ளி அத்தை பக்கத்தில் வந்து அவளும் பறித்தாள். பிறகு இன்னொருத்தி. குழி மார்பளவுக்கு இறங்கியது. அடியில் ஒரு கருங்கல் தட்டுப்பட்டது. நாலைந்து பேராகச் சேர்ந்து அதைப் புரட்டி மேலே தள்ளினார்கள். கல் கிடந்த இடத்திலிருந்து குளுகுளுவென்று தண்ணீர் ஏறி வந்தது. செங்காலி வாய் வைத்துப் பார்த்தாள். இளநீர் போல இருந்தது.

"பால் குடுக்கறவங்க மொதல்ல வாங்க," என்றாள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

மடி மெல்ல ஊறியது. குட்டி எழுந்து நின்று குடித்தது. வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. செங்காலி அசையாமல் நின்றாள்.

சில நாள் கழித்து மணல்மேட்டுப் பக்கம் புழுதி எழுந்தது. ஆண்கள் வந்தார்கள். முதல் வாய் யாருக்கு என்று அடித்துக்கொண்டதில் பழைய ஊற்று சரிந்து மண் மூடிப்போயிருந்தது. உதடு வெடித்து, விலா எலும்பு தெரிய, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கடிக்கக்கூடத் தெம்பில்லை. பெண்கள் குடித்தபிறகு, கிழவர்கள் குடித்தபிறகு, கடைசியாகக் குடித்தார்கள். கருமுகனும் குடித்தான்.

வயிறு நிறைந்ததும் அவனுக்குப் பழைய நினைப்பு திரும்பியது. ஊற்றங்கரையில் நின்று உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தான்.

"நல்ல தண்ணிதான்," என்றான். "இன்னிக்கு நீ சொல்றது முறை. இருக்கட்டும். நீ எத்தனை நாளைக்கு இருப்ப? ஒரு நாள் செத்துப் போவ. தோலு போவும், கறி போவும், எலும்பு இந்தக் கரையில வெளுத்துக் கெடக்கும். அப்ப என் பேரன் வருவான். பல்லு இருக்கான்னு பாப்பான். பல்லு இருக்கும். 'இது எங்க பாட்டன்'னு சொல்லுவான். கழுகாரு ஆமாம்பாரு. நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்டி. காத்திருந்தாப் போதும்."

 அவன் சொன்னது மிரட்டல் என்றால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அது உண்மை. வெண்சுழிக்கு நடந்தது அதுதான். இந்த வெளியில் செத்துக் கிடந்த அத்தனை பெண்களுக்கும் நடந்தது அதுதான்.

செங்காலி தண்ணீருக்குள் குனிந்தாள். அவள் முகம் அதில் ஆடியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு பற்களும் வெள்ளையாக, திடமாக இருந்தன. அவளுக்கு அவற்றின் மேல் பிரியம் உண்டு. நரியை விரட்டிய பற்கள். இதே பற்களோடு தான் இங்கே கிடப்பதையும், கருமுகனின் பேரன் தன்னைக் குளம்பால் தொட்டு 'பாட்டன்' என்று சொல்வதையும், அதைக் கேட்டு ஒரு தாய் தன் குட்டியோடு பின்வாங்குவதையும் அவள் அந்தத் தண்ணீரில் பார்த்தாள்.

தலையை நிமிர்த்திக் கருங்கல் அருகே போனாள்.

"என்னடி பண்ற?" என்றாள் புள்ளி அத்தை.

செங்காலி ஒரு கோரைப்பல்லைக் கல்லின் விளிம்பில் மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினாள். காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தத்தோடு பல் வேரோடு வந்தது. மணலில் ரத்தம் சொட்டியது.

"ஐயோ, விடுடி! நரி வந்தா என்ன செய்வ?"

"ஒதைக்கக் கால் இருக்கு அத்தை."

இரண்டாவது பல் ஒடிந்தபோது அவளுடைய பின்னங்கால்கள் மடங்கின. எழுந்தாள். மூன்றாவது ஒரே வெட்டில் வரவில்லை. திரும்பத் திரும்ப மாட்டினாள். ஆண்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்காவது பல்லும் வந்ததும், நான்கையும் நாக்கால் கூட்டிக் கருமுகனின் காலடியில் துப்பினாள்.

"பல்லு ஆம்பளைக்குத்தான்னு நீதான சொன்ன?" என்றாள், வாயெல்லாம் ரத்தமாக. "இந்தா, வச்சுக்க. இனிமே என் தாடைய எவனும் தன் பாட்டன் தாடைன்னு சொல்ல முடியாது. உன் பேரன வரச் சொல்லு. வந்து தேடிப் பாக்கச் சொல்லு."

கருமுகன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "பைத்தியக்காரி," என்றான்.

"தள்ளி நில்லுடா தம்பி," என்று சொல்லிக்கொண்டே புள்ளி அத்தை அவனை இடித்துத் தள்ளிவிட்டுக் கல்லருகே போனாள். "எனக்கு ஏற்கெனவே ரெண்டு ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு. இத்தனை வருசமா இதுக்கு ஒரு வேலை வரல. இன்னிக்கு வந்துச்சு." அவள் முறித்தாள். அடுத்தவள் முறித்தாள். குட்டி போட்டவள், போடாதவள், ஊற்றுக்கு வரலாமா வேண்டாமா என்று அன்றைக்குத் தயங்கி நின்றவள் எல்லோரும் வரிசையாக வந்து முறித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி முறித்தார்கள் என்று சொல்ல முடியாது. வலி தாங்காமல் பாதியில் விட்டவர்களும் உண்டு. நுனி மட்டும் போய் அடி நின்றுவிட்டது. அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வலி அவரவருக்கு.

அந்தக் கூட்டத்தில் அதன்பிறகு பிறந்த பெண் குட்டிகள், வளர்ந்து பல் முளைக்கும் வயது வந்தும் கோரைப்பல் முளைக்காமலே இருந்தன. ஆண் குட்டிகளுக்கு முளைத்தது.

செங்காலி நிறையக் கோடைகளைப் பார்த்துவிட்டு, ஊற்றங்கரையிலேயே கால் மடக்கிப் படுத்து, அப்படியே போய்விட்டாள். அவளைத் தெரிந்தவர்களும் போனார்கள். அவளுடைய மண்டையோடு வெயிலில் வெளுத்தது. மறுபடியும் ஒரு வருடம் மழை பொய்த்தது. மறுபடியும் ஒரு கறுத்த முகத்துக்காரன், கருமுகனின் பேரன், பால் கொடுக்கும் ஒருத்திக்குக் குறுக்கே வந்து நின்றான்.

"இங்க கெடக்கறது எங்க பாட்டன்," என்று தொடங்கினான்.

"அப்படியா? பல்லக் காட்டு பாப்போம்," என்றாள் அவள்.

அவன் குனிந்தான். தாடையின் ஒரு பக்கம் மூக்கை வைத்துத் தேடினான். முன்பல்லிலிருந்து கடைவாய்ப் பல் வரைக்கும் வழுவழுவென்று வெறும் எலும்பு. மறுபக்கம் தேடினான். மண்டையைப் புரட்டி மேலேயும் தேடினான். சுற்றி நின்ற பெண்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"என்னப்பா, உங்க பாட்டன் என்ன சொல்றாரு?"

"பாட்டன் இல்ல," என்று முனகினான்.

"வேற யாராம்?"

"பொம்பள."

"காது கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"பொம்பளைன்னேன்!"

"அப்ப நகரு."

அவன் நகர்ந்தான். அவள் தன் குட்டியோடு இறங்கிக் குடித்தாள்.

செங்காலி பல்லை முறித்த அன்று முதல்தான் ஆண் குதிரையின் வாயில் கோரைப்பல் இருக்கிறது, பெண் குதிரையின் வாயில் இல்லை. பாதியில் விட்டவர்களின் வழிவந்த சில பெண் குதிரைகளுக்கு மட்டும் அரிசிமணி போல ஒரு சிறு முனை தெரியும். அன்று முதல்தான் பெண் குதிரை பின்னங்காலை அவ்வளவு நன்றாக வீசக் கற்றுக்கொண்டது. கூட்டம் தண்ணீருக்குப் போகும்போது அவள் முன்னால் நடக்கிறாள், ஆண் பின்னால் வருகிறான். பேச்சை விட்டுக் குதிரைகள் கனைக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்காவது மண்ணுக்கடியில் ஒரு குதிரையின் எலும்பு கிடைத்தால், தோண்டியவர்கள் தாடையைத் தூசி தட்டி, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்க்கிறார்கள். எதிலும் தட்டாமல் விரல் வழுக்கிக்கொண்டு போனால், யாரையும் கேட்காமலே, "இவள் பெண்," என்கிறார்கள்.